பாங்காக் கடைவீதியில் நம் பணம்

தாய்லாந்துக்குச் சுற்றுலா செல்வோர் பாங்காக்கின் புத்தர் ஆலயங்களைக் காண்பதில் எவ்வளவு ஆர்வம் காட்டுகின்றனரோ, அதற்குச் சற்றும் குறையாத ஆர்வத்தை அந்நகரின் கடைவீதிகளிலும் காட்டுகின்றனர். பயணத்துக்கு முன் அந்நியச் செலாவணி பெறுவதற்காக எங்களிடம் வரும் வாடிக்கையாளர்கள் பலர், "அங்கே எல்லாம் மலிவாமே!" என்று மகிழ்வோடு கூறுவதுண்டு. மலிவு என்பது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் ஒரு பொருளின் விலை, அதில் தொங்கும் விலைச்சீட்டோடு முடிந்துவிடுவதில்லை. பணத்தை எங்கே மாற்றினோம், எந்த நாணயத்தில் செலுத்தினோம், வரியைத் திரும்பப் பெற்றோமா, தாயகம் திரும்பியதும் சுங்கம் செலுத்த நேர்ந்ததா ஆகிய நான்கும் சேர்ந்ததே அப்பொருளின் உண்மை விலை.

எங்கே, எதை வாங்கலாம்?

பாங்காக்கின் புகழ்பெற்ற சந்தை சதுசக் வார இறுதிச் சந்தையாகும். அரண்மனைக்கு அருகிலுள்ள சனாம் லுவாங் திடலில் நடைபெற்றுவந்த இச்சந்தை, 1982ஆம் ஆண்டு இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான சிறு கடைகள் எண்ணிட்ட பிரிவுகளாகவும், 'சோய்' எனப்படும் சந்துகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களே முழுச் சந்தை. பிறகு வந்து வாங்கலாம் என்று ஒரு கடையைக் கடந்து சென்றால் மீண்டும் அதைக் கண்டுபிடிப்பது கடினம்; பிரிவு எண்ணையும் சோய் எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது. வழி தவறினால் நடுவிலுள்ள மணிக்கூண்டே அடையாளம்.

ஆயத்த ஆடைகளுக்குப் பிரதுநாம் பகுதி பெயர்பெற்றது. இங்குள்ள கடைகள் பலவற்றில் ஓர் ஆடைக்கு ஒரு விலையும், மூன்று அல்லது அதற்கு மேல் வாங்கினால் குறைந்த மொத்த விலையும் உண்டு. குடும்பத்தார் தனித்தனியே வாங்காமல் சேர்ந்து வாங்கினால் ஆதாயம் கிட்டும். சந்தைகளில் புன்னகையோடு பேரம் பேசலாம். குரலை உயர்த்துவது அங்கே நயமாகக் கருதப்படுவதில்லை. பேரங்காடிகளின் விலையோ பெரும்பாலும் நிலையானது.

பட்டு வாங்குவோர் மயில் முத்திரையைத் தேட வேண்டும். நம் நாட்டில் 'சில்க் மார்க்' இருப்பதுபோல, தாய்லாந்துப் பட்டின் தரத்தை நான்கு நிற மயில்கள் உணர்த்துகின்றன. பொன்னிற மயில் மரபுவழியில் கையால் நெய்த உயர்தரப் பட்டைக் குறிக்கும். பச்சை மயில் பட்டுடன் பிற இழை கலந்த துணியைக் குறிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே வெள்ளி, நீல மயில்கள் உள்ளன. முத்திரை இல்லாத துணிக்குப் பட்டின் விலையைக் கொடுக்குமுன் யோசிப்பது நலம்.

எந்த நாணயத்தில் செலுத்துவது?

கடையில் அட்டையைக் கொடுத்ததும், "பாத்தா, ரூபாயா?" என்று கருவியின் திரை வினவக்கூடும். ரூபாய் நமக்குப் பழகிய நாணயம் என்பதால் பலர் அதையே தேர்ந்தெடுக்கின்றனர். அவ்வாறு செய்தால், நாணய மாற்று விகிதத்தை அக்கருவியை இயக்கும் நிறுவனம் தன் ஆதாயத்தையும் சேர்த்து நிர்ணயித்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சந்தை விகிதப்படி 10,000 ரூபாய் மதிப்புள்ள பொருளைப் பாத் நாணயத்திலேயே செலுத்தி வாங்குகிறோம். அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 விழுக்காடு எனில் அது 350 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 63 ரூபாய். ஆக 413 ரூபாய் கூடுதல். ரூபாயில் செலுத்தும்போது கருவி 6 விழுக்காடு சேர்த்திருந்தால் கூடுதல் 600 ரூபாய். இதற்கு மேலும், வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் செலுத்தியதற்கெனத் தனிக் கட்டணம் விதிக்கும் அட்டைகளும் உண்டு. எனவே பாத் நாணயத்தையே தேர்ந்தெடுப்பது நலம். ஏடிஎம் திரையிலும் இதே வினா வரும், விடையும் இதுவே.

வெளிநாட்டு அட்டையால் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் தாய்லாந்து ஏடிஎம்கள் 200 பாத்துக்கு மேல் கட்டணம் வசூலிக்கின்றன. சிறுகச் சிறுக எடுப்பதைவிட, தேவையைக் கணக்கிட்டு ஒரே முறை எடுப்பது சிக்கனம். அமெரிக்க டாலரைக் கொண்டு சென்று மாற்றுவோருக்கு, நூறு டாலர் தாள்களுக்குச் சிறு தாள்களைவிடச் சற்று நல்ல விகிதம் கிடைக்கும். விமான நிலையத்தைவிட நகருக்குள் விகிதம் மேலாக இருக்கும்.

வரியைத் திரும்பப் பெறுதல்

தாய்லாந்தில் மதிப்புக் கூட்டு வரி 7 விழுக்காடு. சுற்றுலாப் பயணியர் இதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இத்திட்டத்தில் சேர்ந்துள்ள ஒரே கடையில், ஒரே நாளில், குறைந்தது 2,000 பாத்துக்கு வாங்கியிருக்க வேண்டும். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி, 'பி.பி.10' என்னும் படிவத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வாங்கிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் பொருளோடு விமானம் ஏற வேண்டும். வாங்கிய மதிப்புக்கேற்பச் சுங்கச் சோதனை தேவைப்படுமானால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க அலுவலரிடம் பொருளையும் படிவத்தையும் காட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சோதனைக்குரிய பொருள் பெட்டியோடு உள்ளே சென்றபின் படிவத்தால் பயனில்லை.

தங்கமும் மணிக்கற்களும்

சீனர் வாழும் யாவராட் வீதியின் இருபுறமும் சிவப்பு நிறத் தங்கக் கடைகள் வரிசையாக உள்ளன. அங்கே தங்கத்தின் எடையும் 'பாத்' என்றே வழங்குகிறது. ஒரு பாத் எடையுள்ள நகை 15.16 கிராம், அதாவது நம் இரண்டு சவரனுக்குச் சற்றே குறைவு. தூய்மை 96.5 விழுக்காடு, நம் 22 காரட் நகையோ 91.6 விழுக்காடு. ஆகவே இரு நாட்டு விலைகளை ஒப்பிடுவோர் எடையையும் தூய்மையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பின்னாளில் அந்நகையை இங்கே அடகு வைக்கவோ விற்கவோ நேர்ந்தால், மதிப்பீட்டாளர் தூய்மையைச் சோதித்தே மதிப்பிடுவார். அங்கே கொடுத்த செய்கூலி கணக்கில் வாராது.

மணிக்கற்களில் இன்னும் விழிப்பு தேவை. ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர், பேத்தியின் திருமணச் செலவுக்கென ஒதுக்கிய தொகையின் ஒரு பகுதியை நீலக்கற்களாக மாற்றிக்கொண்டு திரும்பினார். ஆலயத்துக்குச் செல்லும் வழியில் ஆட்டோ போன்ற 'டுக்டுக்' வண்டியின் ஓட்டுநர், இன்று ஆலயம் மூடப்பட்டுள்ளது என்று கூறி அவரை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். சிறப்பு விற்பனைக்கு இன்றே கடைசி நாள், உங்கள் ஊரில் இரு மடங்குக்கு விற்கலாம் என்று அங்கே கூறியிருக்கின்றனர். இங்கே அக்கற்களுக்குக் கொடுத்த விலையில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை. அட்டையைத் தந்து இரகசிய எண்ணைப் பதிந்தவர் அவரே என்பதால், அதை அனுமதியற்ற பரிவர்த்தனையாகக் கொண்டு பணத்தை மீட்டுத்தர வங்கியால் இயலவில்லை. பல்லாண்டுகளாக அந்நகரில் நடந்துவரும் ஏமாற்று இது. இரு மடங்கு ஆதாயம் உறுதியெனில் விற்பவரே அதை அடையலாமே என்ற ஒரு கேள்வி போதும், நம்மைக் காப்பதற்கு. ஆலயம் திறந்திருக்கிறதா என்பதை வாயிலிலேயே கேட்டறிய வேண்டும். உதவிக்குச் சுற்றுலாக் காவல்துறையை 1155 என்ற எண்ணில் அழைக்கலாம்.

புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும்

ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயக்கப்பட்டு வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே செயலியில் இயக்கி, தமக்கேற்ற உச்சவரம்பையும் அமைத்துக்கொள்ள வேண்டும். திரும்பியதும் அணைத்துவிட வேண்டும். செலவாகாத அந்நிய நாணயத்தில் 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாள்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும்.

பொருள்களின் இரசீதுகளைத் தனி உறையில் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். அங்கே வரியைத் திரும்பப் பெற உதவிய அதே இரசீது, இங்கே சுங்க அலுவலரிடம் பொருளின் மதிப்பை மெய்ப்பிக்கவும் உதவும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குரிய நகைச் சலுகை, ஐந்து நாள் சுற்றுலா சென்றவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவிற்கொள்க.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னதாக உங்கள் கிளைக்கு வாருங்கள். உங்கள் அட்டைக்குரிய கட்டணம் எவ்வளவு, எவ்வளவு தொகையை ரொக்கமாகக் கொண்டு செல்வது, எவ்வளவு தொகைக்கு அட்டையைப் பயன்படுத்துவது என்று அரை மணி நேரம் அமர்ந்து பேசுவோம். அதன்பின் சதுசக்கின் சந்துகளில் மனநிறைவோடு உலாவி வாருங்கள்.