அலை உடையாத இடம்

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கடலைத் தேடிக் கிளம்பிவிடுகின்றன. ஊருக்குப் போகிறவர்கள் சென்னையிலோ வேளாங்கண்ணியிலோ கன்னியாகுமரியிலோ ஒரு மாலைப் பொழுதைக் கடற்கரைக்கென்று ஒதுக்குகிறார்கள். மற்றவர்கள் மங்களூர், மல்பே, முருடேசுவரம் என்று மேற்கே இறங்குகிறார்கள். அல்சூர் ஏரியைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் கிடந்த இடத்தில் கிடப்பது. கடல்நீரோ ஓயாமல் எங்காவது போய்க்கொண்டே இருக்கிறது. அது எங்கே போகிறது என்பதைக் கரையில் நின்றே சொல்லக்கூடியவர்களில் தூண்டில்காரரும் ஒருவர்.

நல்ல தூண்டில்காரர் கரைக்கு வந்ததும் முள்ளில் இரை கோக்க மாட்டார். முதலில் சற்று மேடான மணலில் நின்று பத்து நிமிடம் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்ப்பது மீனை அல்ல, அலை எங்கே உடைகிறது என்பதை. அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் கவிழ்ந்து உடைகிறது. நாலடி அலை உடைந்தால் அங்கே ஆழம் சுமார் ஐந்தடி என்று கணக்கு. ஆகவே நுரை வெள்ளையாகப் பொங்கும் வரிசைக்குக் கீழே மணல்மேடு இருக்கிறது. அந்த மேட்டைத் தாண்டிய அலை மறுபடி அடங்கி, கரையோரம் வந்து இன்னொரு முறை உடைந்தால், இரண்டுக்கும் நடுவே கரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது என்று பொருள். நிறமும் இதையே சொல்லும். மேடு வெளிறித் தெரியும், பள்ளம் கருத்துத் தெரியும்.

அந்தப் பள்ளம்தான் மீனுக்குச் சாப்பாட்டு அறை. அலை கிளறிவிடும் புழுக்களும் சிறு நண்டுகளும் அங்கே சேர, கிழங்கானும் மடவையும் அவற்றைத் தேடி வருகின்றன. அவற்றின் பின்னால் பெரிய மீனும் வரும். புதிதாகத் தூண்டில் வாங்கியவர்கள் எட்டிய மட்டும் வீசுவதிலேயே குறியாக இருப்பார்கள். பல நேரம் மீன் அவர்கள் காலடியிலிருந்து இருபதடி தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும்!

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். மணல்மேடு கரை நெடுக ஒரே சுவராக இருப்பதில்லை, அங்கங்கே உடைப்பு உண்டு. அலை கொண்டுவந்து கரையில் குவித்த தண்ணீர் அந்த உடைப்பின் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. இரு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் அலை உடையாமல், மேற்பரப்பு சிறிது கலைந்து, கலங்கல் மணலும் நுரையும் கடலை நோக்கி நகர்ந்தால் அதுவே உடைப்பு. தூண்டில்காரருக்கு அதன் விளிம்பு நல்ல இடம், இரை அந்த வழியாகத்தான் போகிறது. குளிக்க வருகிறவர் கண்ணுக்கும் அதே இடம்தான் நல்லதாகப் படுகிறது. "இங்கே அலையே இல்லை, குழந்தைகளை இறக்கலாம்" என்று பெற்றோர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

அந்த நீரோட்டம் கடுமையான நேரத்தில் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகும். ஒலிம்பிக் நீச்சல்காரர்கூட அதை எதிர்த்து நீந்திவிட முடியாது. ஆனால் அது யாரையும் அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் தள்ளுகிறது. அகலமும் குறைவு. அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை பொங்கும் இடத்துக்கு வந்துவிட்டால் அலையே கரையில் சேர்க்கும். கரையில் நிற்பவர் பின்னால் குதிக்காமல், மூடிய காலி கேன், பந்து, கயிறு எது கிடைத்தாலும் வீச வேண்டும். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், பல தமிழ்ப் படங்களில் தலைகாட்டிய அந்த வெள்ளை வளைவு, பிறரைக் காப்பாற்றப் போய் 1930 டிசம்பர் 30-இல் மூழ்கிய ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவுச் சின்னம். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்வெட்டைப் படிக்கிறார்களோ!

கரையை ஒட்டிப் போகும் ஓட்டம் வேறு. சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே போவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் சொல்கிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி தெண்டியின் கை ஓங்கியிருப்பதால் மணலும் வடக்கே நகர்கிறது. 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகச் சுவர் எழத் தொடங்கியபின் அந்த மணல் தடைபட்டுத் தெற்கே குவிந்தது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. மெரினாவில் கடலைத் தொட நாம் இவ்வளவு தூரம் மணலில் நடப்பது இதனால்தான்.

வானத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாத நாட்களும் உண்டு. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எழுந்த புயல் அலை சில நாட்கள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத தெளிவான நாளில் திடீரென்று கரையேறும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. 2024 மே 6-இல் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைப் பலிகொண்டது அதுவே. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் முன்னதாகவே எச்சரித்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கோலார் மாவட்டத்திலிருந்து சுற்றுலா போன பள்ளி மாணவிகள் நால்வர் முருடேசுவரத்தில் மூழ்கினார்கள். நம் பிள்ளைகள் போகும் சுற்றுலாவும் இதே போன்றதுதான்.

அடுத்த முறை போகும்போது தூண்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இளநீர்க் கடையில் ஒரு மட்டைத் துண்டு வாங்கி, அலைக்கு அப்பால் விழும்படி எறியுங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் அன்றைக்குத் தெண்டியா வன்னியா என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். அலையோடு கரைக்குத் திரும்பினால் அங்கே கால் நனைக்கலாம். நேரே கடலுக்குள் போனால், அந்த இடத்துக்கு எதிரே மணலில் ஒரு கோடு போட்டுவிட்டு நூறு அடி தள்ளிப் போய் உட்காருங்கள். மணல்மேடு இடம் மாறும், ஆகையால் நேற்றுப் போட்ட கோடு இன்றைக்கு உதவாது.