தோட்டா உறையும் புளியும்

மேற்கு மாம்பலத்து இல்லங்களில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குகிறோம். துப்பாக்கித் தோட்டாவின் உறையும் பித்தளையே. நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்.

வெள்ளையர் ஆட்சியில் இந்தியக் குதிரை லாயங்களில் சேமித்த உறைகள், மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் கண்டன. ‘பருவ விரிசல்’ என்று பெயரிட்டுப் பழியை நம் மழையின்மேல் போட்டார்கள். குற்றவாளியோ அவர்களுடைய லாயத்திலேயே இருந்தான்! குதிரைச் சிறுநீரில் எழும் அம்மோனியாவே, உறையைச் சூடேற்றாமல் இழுத்து உருவாக்கும்போது உள்ளே தங்கிய இறுக்கத்தோடு சேர்ந்து, உலோகத்தைப் பிளந்தது என்பது 1921-இல் விளங்கிற்று. மிதமாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்துவதே பரிகாரமாயிற்று.

ஆகையால், பூச்சாடியாக வைத்திருக்கும் பழைய பீரங்கிக் குண்டின் காலி உறையை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தல் தகாது. புளி போதும், உடனே அலம்பி ஈரமறத் துடைத்துவிடுக. வெடிக்காத தோட்டா அகப்பட்டாலோ, துலக்குவதென்ன, தொடவும் வேண்டாம், போலீசாருக்குச் சொல்லியனுப்புக.