வாடகை வீடு – 6: கடைசியாகக் கட்டி முதலில் பிரிக்கும் பெட்டி

வீடு மாற்றியது நல்லபடியாக முடிந்ததா என்பதை எதை வைத்துச் சொல்வது? சாமான் உடையாமல் வந்தால் போதும் என்பவர்கள் உண்டு. செலவு கட்டுக்குள் நின்றால் போதும் என்பவர்களும் உண்டு. என் கணக்கு வேறு. குடிபோன அன்றைக்கே, இரவு ஒன்பது மணிக்குள், வீட்டில் உள்ள எல்லோரும் குளித்து, சூடாகச் சாப்பிட்டு, தலையணை வைத்துப் படுக்க முடிந்தால் அது நல்ல மாற்றம். சென்ற வாரம் ஒப்பந்தத்தையும் அட்வான்ஸையும் பார்த்தோம். இந்த வாரம் அந்த இரவிலிருந்து பின்னோக்கி வருவோம்.

முதலில் வண்டி. ஆடி பிறப்பதற்குள், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் என்று சித்திரை, வைகாசியில்தான் பலரும் வீடு மாற்றுகிறார்கள். முகூர்த்த நாளும் மாதக் கடைசியும் சேர்ந்துவிட்டால் குட்டியானை வண்டி கிடைப்பதே பாடு. நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களை வாரத்தின் நடுவில் ஏற்றுவது நல்லது. ஆளும் கிடைக்கும், கூலியும் படியும். வண்டி பேசும்போதே இரண்டு வீடுகளும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி தெருவுக்குள் வருமா என்பதைச் சொல்லிவிடுங்கள். இறக்குகிற இடத்தில் எழும் கூலிச் சண்டை பெரும்பாலும் இவற்றைச் சொல்லாமல் விட்டதால் வருவதுதான்.

அடுத்தது கேஸ். வேறு ஊருக்குப் போகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்ஸியில் ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைப் புது ஊரில் கொடுத்துத்தான் இணைப்பு பெற முடியும். இடையில் சில நாட்கள் அடுப்பு எரியாது. இண்டக்‌ஷன் அடுப்பும் அதற்கு ஏற்ற ஒரு பாத்திரமும் கைவசம் இருந்தால் அந்த நாட்களில் ஹோட்டலை நம்ப வேண்டாம். காலி செய்கிற அன்று, வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே கரண்ட் மீட்டரைப் படம் எடுங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். நடுவில் கிளம்புகிறவர் எதுவரை தன் கணக்கு என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

மூட்டை கட்டும் முறை எளிது. எப்போதாவது எடுப்பதை முதலில் கட்டுங்கள், தினம் தொடுவதைக் கடைசியில் கட்டுங்கள். கொலு பொம்மை, பட்டுப்புடவை, பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரம் எல்லாம் இரண்டு வாரம் முன்பே கட்டலாம். பரணை இறக்கும்போதே கொடுத்துவிட வேண்டியதைப் பிரித்துவிடுங்கள். வேண்டாத பொருளுக்கும் வண்டிக்கூலி உண்டு. புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் மட்டும் அடுக்குங்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் அடி பிய்ந்துவிடும், தூக்குகிறவர் இடுப்பும் போய்விடும். பீங்கான் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றிச் செங்குத்தாக நிறுத்துங்கள். இடுக்குகளில் துண்டும் தலையணை உறையும் திணித்தால் அசையாது. வெட் கிரைண்டரின் கல்லைக் கழற்றித் தனியாகப் போர்வையில் சுற்ற வேண்டும். கட்டிலைப் பிரித்ததும் அதன் நட்டு, போல்ட்டை ஒரு துணிப்பையில் போட்டு அதே கட்டிலின் காலில் கட்டிவிடுங்கள். வேறெங்கே வைத்தாலும் அன்று இரவு கட்டில் நிற்காது.

ஃபிரிட்ஜை முந்தின நாள் இரவே அணைத்து, ஐஸ் உருகியதும் உள்ளே துடைத்துவிடுங்கள். நிமிர்த்தி வைத்தே கொண்டுபோக வேண்டும். இறக்கியவுடன் சுவிட்சைப் போடாதீர்கள். வண்டி ஆட்டத்தில் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறியிருந்தால் அது கீழே இறங்கச் சில மணி நேரமாவது வேண்டும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினாக இருந்தால், வாங்கியபோது பின்புறம் இருந்த நீள போல்ட்டுகளைத் தேடி மறுபடி முடுக்குங்கள். அவை இல்லாமல் ஏற்றினால் டிரம் உள்ளே மோதிக்கொண்டே வரும்.

இப்போது அந்த முக்கியமான பெட்டி. கடைசியாகக் கட்டுவதும், வண்டியில் கடைசியாக ஏற்றி முதலில் இறக்குவதும், முதலில் பிரிப்பதும் இதுதான். அரிசி, பருப்பு, உப்பு, காபித்தூள், ஒரு குக்கர், கத்தி, தீப்பெட்டி. ஆளுக்கொரு மாற்றுத்துணி, துண்டு, சோப்பு. வாளி, மக், துடைப்பம். டார்ச், ஸ்க்ரூ டிரைவர், போன் சார்ஜர், ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். பெரியவர்களின் மாத்திரை, மூக்குக்கண்ணாடி. கூடவே ஒரு சின்ன இரவு விளக்கு. எழுபது வயதைத் தாண்டியவர் நடு இரவில் எழுந்தால், பழகாத வீட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தடுமாறுவார். பகலிலேயே அவரைக் கைப்பிடித்து இரண்டு முறை நடத்திக் காட்டுங்கள், வழியில் பெட்டி எதுவும் நிற்க வேண்டாம். பத்திரம், சான்றிதழ், நகை இவை வண்டியில் போகவே கூடாது. உங்கள் கைப்பையில்தான் வர வேண்டும்.

மற்ற பெட்டிகளுக்கு எண் போடுங்கள். அடுக்கினால் மேல்பக்கம் மறைந்துவிடும் என்பதால் பக்கவாட்டில் எழுதுங்கள், எந்த அறைக்கு என்பதையும் சேர்த்து. எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டை வீட்டில் உள்ள எல்லோரும் எழுதட்டும். அவரவர் கட்டிய பெட்டியை அவரவரே குறிக்கட்டும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உட்பட.

இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் எது எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். “அம்மா, என் பெல்ட் எங்கே?”, “ஏம்மா, கரண்ட் பில் எங்க வச்ச?” என்று வீடே அவரைக் கேட்கிறது. வீடு மாறும் நாட்களில் அந்தக் கேள்விகள் பல மடங்காகின்றன. வேலையில் பாதியைச் செய்துவிட்டு, மீதி நேரமெல்லாம் அவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நோட்டு ஒன்று இருந்தால் கேட்பவர் தானே பார்த்து எடுத்துக்கொள்வார். புது வீட்டில் அலமாரிகளையும் எல்லோரும் சேர்ந்தே அடுக்குங்கள். அடுக்கியவருக்கு இடம் தெரியும், தெரிந்தவர் கேட்க மாட்டார். அந்த அம்மாவும் அன்று இரவு ஒன்பது மணிக்கு மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

(அடுத்த வாரம்: முகவரி மாற்றம் – ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், ஆதார்)