லெவல் ஏற என்ன அவசரம்?



1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை உங்களில் சிலர் ஆடியிருப்பீர்கள். ஆளுக்கொரு கதாபாத்திரம், சாகசங்கள் செய்யச்செய்ய அதன் லெவல் உயரும்.

2014 விதிகளின்படி இரண்டாம் லெவலுக்கு 300 அனுபவப் புள்ளிகள் போதும். 19இலிருந்து 20க்கு ஏறவோ இன்னும் 50,000 வேண்டும். தொடக்கத்தில் திறமைகள் குறைவு, சீக்கிரம் பழகிவிடலாம். மேலே போகப்போகத் திறமைகள் பெருகும்; பழக நாள் பிடிக்கும். அவசரமாக ஏறினால், கையில் இருப்பதையே பயன்படுத்தத் தெரியாது.

இன்னொரு வழியும் உண்டு. கதை நடத்துபவர் புள்ளிகளை எண்ணாமல், கதையில் ஒரு கட்டம் முடிந்ததும் எல்லாரையும் ஒன்றாக உயர்த்தலாம். பரீட்சைக்காக ஒரு வாரம் வராத நண்பனும் பின்தங்கமாட்டான்.

எந்த வழி என்பதை முதல் நாளே பேசி முடிவெடுங்கள். 20ஆம் லெவலைத் தொடுவதைவிட, சேர்ந்து ஆடத் தொடங்கியவர்கள் கடைசிவரை சேர்ந்திருப்பது பெரிது.