விமானத்துக்கும் ஒரு தவணை

உடப்புசல்லாவை நேயர்களுக்குத் தேயிலைக் கவ்வாத்துத் தவணை தெரியும். உயரமான மலைகளில் செடி மெதுவாக வளரும், அதனால் தவணை நீளம். தாழ்நிலத் தோட்டங்களில் குறைவு. கட்டுநாயக்காவில் விமானம் பராமரிப்பவர்களும் தவணை வைத்தே வேலை செய்கிறார்கள். பழுது வரட்டும் என்று காத்திருப்பதில்லை.

பறந்த மணித்தியாலம், ஏறி இறங்கிய தடவை, கடந்த நாட்கள் என்று மூன்று கணக்குகள் அவர்களிடம் சேர்ந்தே ஓடும். எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ, அதன்படி சோதனை.

ஏறி இறங்குவதை ஏன் தனியாக எண்ண வேண்டும்? ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் சற்றே உப்பி, மறுபடி தளர்கிறது. உலோகமும் களைத்துப்போகும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் முன்பகுதி மேற்கூரை நடுவானில் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தீவுக்குத் தீவு குறுந்தூரம் பறந்து, 89,000 தடவைக்கு மேல் ஏறி இறங்கிய விமானம் அது. கடலோர உப்புக்காற்றும் அரித்திருந்தது. அந்த ஓர் உயிர் போன பிறகுதான் வயதான விமானங்களின் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன.

இந்தத் தவணைகளை உற்பத்தியாளரும் விமான நிறுவனங்களும் அரசு அதிகாரிகளும் கூடி வகுக்கிறார்கள். அவற்றை நீட்டிக்க வேண்டுமானால், முந்தைய சோதனைகளின் பதிவேடு சாட்சி சொல்ல வேண்டும். ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களில் உட்பகுதியைக் கழற்றி உடற்சட்டத்தைப் பார்க்கும் பெருஞ்சோதனைகள் 6, 12 ஆண்டுகளில் வருகின்றன.