முயல் சாப்பிட மறுக்கிறதா? ‘பசித்தால் தன்னால் தின்னும்’ என்று காத்திருக்காதீர்கள்!

‘லங்கனம் பரம ஔஷதம்’ என்பார்கள் பெரியவர்கள். வயிறு சரியில்லையா, ஒருவேளை பட்டினி போட்டால் எல்லாம் சரியாகும் என்பது அதன் பொருள். மனிதர்களுக்குப் பல நேரம் பலிக்கிற இந்த வைத்தியம், வீட்டில் வளரும் முயலுக்கு மட்டும் ஆகவே ஆகாது. நாய் ஒருநாள் சோறு தொடாமல் படுத்திருந்து மறுநாள் எழுந்து வாலாட்டும். முயலால் அது முடியாது.

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில், ‘முயலு ஒண்ணும் திங்க மாட்டேங்கு’ என்று பிள்ளைகள் வந்து சொன்னால், ‘கெடக்கட்டும், பசிச்சா தன்னால திங்கும்’ என்று பதில் வருவது சகஜம். அந்தப் பதிலில் போகிற நேரம்தான் முயலின் உயிருக்கு உலை வைக்கிறது. 12 மணி நேரம் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருக்கும் முயலுக்கு அவசர சிகிச்சை தேவை. முயலை வளர்க்கிற ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம் இது.

ஏன் இந்த அவசரம்?

பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக நார்த்தீனி உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் முயலின் குடல் ஒழுங்காக அசையும். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ‘சீக்கம்’ என்ற பெரிய பை ஒன்று உண்டு. மாட்டுக்கு முதல் வயிறு எப்படியோ, முயலுக்கு இந்தப் பை அப்படி. அதில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் புல்லை நொதிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. அந்தச் சத்து மிருதுவான உருண்டைகளாக வெளியே வரும்போது, முயல் அதைத் தரையில் விழவிடாமல் நேராக வாயில் எடுத்து விழுங்கிவிடும். பார்ப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம். முயலுக்கோ அது இரண்டாவது சாப்பாடு.

தீனி நின்றால் குடலின் அசைவு குறையும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும். கெட்ட நுண்ணுயிர்கள் பெருகி வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலி, வலி வந்தால் தீனி மேல் இன்னும் வெறுப்பு. இந்தச் சுழலில் இருந்து முயல் தானாக மீள்வது கடினம். அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. பட்டினி நீண்டால் உடம்பில் இருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படியும். கொழுகொழுவென்று வளர்ந்த முயலுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

புழுக்கை சொல்லும் செய்தி

காட்டில் முயல் மற்ற மிருகங்களுக்கு இரை. நோய்ப்பட்டதை வெளியே காட்டினால் பிடிபட்டுவிடும் என்பதால், வலியை மறைத்துக்கொள்வது அதன் பிறவிக் குணம். ‘ராத்திரி நல்லாத்தானே இருந்துச்சு’ என்று பலரும் புலம்புவதற்குக் காரணம் அதுதான். ஆனால், புழுக்கை எதையும் மறைக்காது. நல்ல முயலின் புழுக்கை உருண்டையாக, ஒரே அளவாக, உடைத்தால் காய்ந்த புல் தூளாக இருக்கும். அது சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, முடியால் கோத்த மணி போல வந்தாலோ குடலின் வேகம் குறைகிறது என்று அர்த்தம்.

இவற்றையும் கவனிக்க வேண்டும்:

* முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது
* பல்லை நறநறவென்று கடிப்பது
* வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு படுப்பதும், உடனே எழுவதுமாக இருப்பது
* காது சில்லிட்டுப் போவது
* மிகவும் பிடித்த கொத்தமல்லித் தழையைக்கூட முகர்ந்துவிட்டு விலகுவது

தின்னாததற்குக் காரணம் என்ன?

தின்னாமல் இருப்பது ஒரு நோயல்ல, அறிகுறி. அதன் பின்னால் வேறொரு காரணம் இருக்கும். பல நேரம் அது பல்லில் இருக்கிறது. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். நார்ப்புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். பிஸ்கட்டும் பிரெட்டும் கேரட்டுமாக வளர்க்கப்படும் முயலுக்குக் கடைவாய்ப் பல் கூராக நீண்டு, நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும. தீனியிடம் ஆசையாக ஓடி வந்து, வாயில் வைத்ததும் கீழே போட்டால் பல்லைச் சந்தேகிக்க வேண்டும். வாயோரம் எச்சில் வழிந்து தாடை நனைந்திருப்பதும் இதே அறிகுறிதான்.

அடுத்தது வெயில். முயலுக்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது. காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம். பாளையங்கோட்டையில் மே மாத வெயில் 37, 38 டிகிரியைத் தொடுவது வழக்கம். மொட்டை மாடியிலும் தகரக் கூரைக்குக் கீழும் கூண்டு வைத்தால், முயல் முதலில் தீனியைக் குறைக்கும், பிறகு சுருண்டுவிடும். காருக்குறிச்சி மண் தொட்டி ஒன்றைப் படுக்க வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டால் முயல் உள்ளே போய் ஒண்டிக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிழலுக்குக் கொண்டுபோய், காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

பயமும் குடலை நிறுத்தும். தீபாவளி வெடிச் சத்தம், கூண்டைச் சுற்றும் தெரு நாய், புது வீடு, ஜோடி முயலின் இழப்பு என எதுவும் காரணமாகலாம்.

வீட்டில் செய்யக்கூடிய முதலுதவி

டாக்டரிடம் கொண்டுசெல்லும் வரை முயலைத் தாங்கிப் பிடிக்கத்தான் வீட்டு வைத்தியம். டாக்டருக்குப் பதிலாக அதைச் செய்ய முடியாது.

முதலில் வயிற்றை மெல்லத் தொட்டுப் பாருங்கள். மேளம் போல இறுகி உப்பியிருந்தால், குடல் அடைத்திருக்கலாம். அப்போது வாயில் எதையும் ஊட்டக் கூடாது. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கிளம்ப வேண்டும்.

வயிறு மிருதுவாக இருந்து, காது சில்லிட்டிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். சூடு அதிகமானால் விலகிப்போக இடம் விட வேண்டும். ஈரம் சொட்டும் கொத்தமல்லி, புதினா, பச்சை அருகம்புல்லை முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கலாம். தானாகத் தின்றால் நல்லது.

தின்னாவிட்டால், முயல் பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டலாம். முயலைத் துண்டில் சுற்றி, நான்கு காலும் கீழே இருக்கும்படி உட்கார வைக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊட்டினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில், பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து, ஒரு மில்லிக்கு மேல் போகாமல் விட்டு, மென்று விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மில்லி, எத்தனை முறை என்பதை முயலின் எடையைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

இவை வேண்டவே வேண்டாம்

கைக்குழந்தைக்குக் கொடுக்கிறோமே என்று கிரைப் வாட்டரையும் ஓம வாட்டரையும் டாக்டரைக் கேட்காமல் ஊற்றக் கூடாது. பாலும் சர்க்கரைத் தண்ணீரும் கெட்ட நுண்ணுயிர்களுக்குத்தான் தீனி. மருந்துக்கடையில் வாங்கிய அமாக்ஸிசிலின் மாத்திரை முயலின் வாய்க்குள் போனால், சீக்கத்தில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று முயலையே கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு விஷம்.

டாக்டரிடம் போகும்போது

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. திருநெல்வேலியை ஒட்டிய ராமையன்பட்டியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்கி வருகிறது. சிகிச்சை வளாகமும் அங்கேயே இருக்கிறது. விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் பயண நேரத்தையும் அந்த 12 மணி நேரத்துக்குள் கணக்கு வைக்க வேண்டும். வெயில் ஏறும் முன்பே கிளம்பி, காற்றோட்டமான கூடையில், வழக்கமான புல்லோடு கொண்டுவருவது நல்லது. தனியார் டாக்டரிடம் போவதென்றால், முயல் பார்ப்பாரா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது, என்ன தீனி கொடுத்தீர்கள், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்ற நான்கு விவரங்களையும் சொல்லுங்கள். கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனால் இன்னும் நல்லது. டாக்டர் வெப்பநிலையையும் பல்லையும் பார்ப்பார். முயலின் இயல்பான வெப்பநிலை 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. 38-க்குக் கீழே போனால் நிலைமை மோசம். வலி நிவாரணி, தோலுக்கடியில் ஏற்றும் திரவம், அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு குடலை அசைக்கும் மருந்து ஆகியவைதான் வழக்கமான சிகிச்சை.

வைக்கோல் வேறு, உலர்புல் வேறு

பிழைத்து வந்த முயல் மறுபடியும் படுக்காமல் இருப்பது தட்டில் விழும் தீனியில் இருக்கிறது. அதில் 80 சதவிகிதம் புல்லாகவும் உலர்புல்லாகவும் இருக்க வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் அறுத்து முடித்தால் எங்கு பார்த்தாலும் வைக்கோல் போர்தான். ஆனால் வைக்கோல் என்பது நெல் முற்றி, மணி உதிர்ந்த பிறகு மிஞ்சும் தாள். அதில் சத்து குறைவு. மழையில் நனைந்திருந்தால் பூஞ்சணமும் இருக்கும். நன்றாகக் காய்ந்த வைக்கோலைக் கூண்டில் படுக்கையாகப் போடலாம், முழு உணவாக அல்ல.

உலர்புல் என்பது பச்சையாக இருக்கும்போதே அறுத்துக் காயவைத்தது. வரப்பில் படர்ந்திருக்கும் அருகம்புல்லே போதும். பூச்சிமருந்து அடித்த வயலிலும், சாக்கடை கலக்கும் ஆற்றோரத்திலும் அறுக்கக் கூடாது. அலசி, நிழலில் சில நாள் உலர்த்தி, கையில் நொறுங்கும் பதத்தில் சாக்கில் கட்டி வைத்தால் கோடை முழுக்க உதவும். குதிரைமசாலிலும் முருங்கைக்கீரையிலும் கால்சியம் அதிகம் என்பதால் வளர்ந்த முயலுக்கு அளவாகத்தான் தர வேண்டும். கேரட்டும் பழமும் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

வயலில் கிடைத்த குட்டி என்றால்...

அறுப்பு வயலில் கிடைத்தது என்று சிலர் முயல் குட்டியைத் தூக்கி வருவார்கள். அது வீட்டு முயல் அல்ல, காட்டு முயல். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். வீட்டில் எதையும் தின்னாமல் பயத்திலேயே அது செத்தும் போகும். தாய் முயல் குட்டியின் பக்கத்திலேயே இருக்காது, பாலூட்ட மட்டும் வந்து போகும். எனவே, காயம் இல்லாத குட்டியை எடுத்த இடத்திலேயே விடுவதுதான் சரி. காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டு முயலுக்குத் தினமும் இரண்டு நிமிடம் போதும். காலையில் கூண்டைப் பெருக்கும்போது புழுக்கை எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை, இரவு படுக்கப்போகும் முன் தட்டில் புல் குறைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. இந்த வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். அவர்கள் வந்து ‘திங்க மாட்டேங்கு’ என்று சொன்னால், அன்றைக்கே கூடையை எடுங்கள்.