நாய்க்கு ஓயாத அரிப்பா? மருந்துக்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

நாய் எப்போதாவது காதைச் சொறிந்துகொள்வது இயல்பு. ஆனால் இரவெல்லாம் தூங்காமல் சொறிவது, பாதத்தை விடாமல் நக்குவது, வாலடியைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது ஆகியவை இயல்பல்ல. வாயில்லா ஜீவன் தன் வேதனையை வேறு எப்படிச் சொல்லும்?

இப்படிப்பட்ட நாய்க்கு மண்ணெண்ணெயோ வாகனத்திலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயோ தடவும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. தோல் வெந்துபோகும். நாய் அதை நக்கும்போது நஞ்சு உடலுக்குள் செல்லும். உயிரே போகலாம். அரிப்பு ஒரு நோயல்ல, நோயின் அறிகுறி. அதன் காரணத்தை முதலில் அறிய வேண்டும்.

சொறியும் இடத்தைக் கவனியுங்கள்

வாலடியிலும் தொடையிலும் சொறிந்தால் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். காது மடலின் ஓரத்திலும் முழங்கையிலும் உரோமம் கொட்டி அரித்தால், தோலுக்குள் துளையிடும் கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி மீது சந்தேகம் எழும். இது பிற நாய்களுக்குத் தொற்றும். வீட்டாருக்கும் அரிப்பைத் தரும். பாதம், அக்குள், காது ஆகியவற்றில் அரிப்பு இருந்தால் ஒவ்வாமை காரணமாகலாம். தோல் பிசுபிசுத்து நாற்றமடித்தால் பூஞ்சையோ கிருமியோ சேர்ந்திருக்கும்.

தெள்ளுப்பூச்சியைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. ஈரமான வெள்ளைத் தாளின் மீது நாயின் உரோமத்தைச் சீவுங்கள். விழும் கறுப்புத் துகள்கள் செம்பழுப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம். பூச்சியின் உமிழ்நீர் ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சில கடிகளே போதும். பல நாள் சொறியும்.

வீட்டையும் கவனிக்க வேண்டும்

நாயின் உடலில் காணப்படும் பூச்சிகள் மொத்தத்தில் சுமார் 5 விழுக்காடுதான். முட்டைகளும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் கம்பளத்திலும் தரை இடுக்கிலும் கிடக்கின்றன. குளிர்காலமே இல்லாத மலேசியாவில் அவை ஆண்டு முழுவதும் பெருகும். எனவே வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவை. படுக்கைத் துணியைச் சுடுநீரில் துவைத்து, தரையைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்ய வேண்டும். குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்தால்தான் பலன் நிலைக்கும். ஒரு முக்கிய எச்சரிக்கை: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

உணவு ஒவ்வாமை என்று சந்தேகித்தால், மருத்துவர் தரும் தனி உணவை மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும்.

மருத்துவரை நாடுங்கள்

மனிதர்களின் ஷாம்பு நாயின் தோலுக்கு ஏற்றதல்ல. பாரசிட்டமால் போன்ற மாத்திரைகளைச் சொந்தமாகக் கொடுக்கவே கூடாது. ஸ்டீராய்டு ஊசி அரிப்பை விரைவில் அடக்கும். நெடுங்காலம் போட்டால் தாகம் கூடும், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறையும். ஒவ்வாமை அரிப்புக்கென 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓக்லாசிட்டினிப் போன்ற மாத்திரைகள் இன்று உள்ளன. எது பொருந்தும் என்பதைத் தோலைச் சுரண்டிச் சோதித்த பிறகு கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

"சொறி நாய்" என்று விரட்டப்படும் நாய்களில் பல, முறையான சிகிச்சை கிடைத்தால் சில வாரங்களில் தேறி, மீண்டும் உரோமம் வளரப்பெறும். அவற்றைத் தெருவில் விடுவதற்கு முன், ஒருமுறை மருத்துவரிடம் கொண்டுசெல்வது வளர்ப்பவரின் கடமை.